மடித்த இடத்தில் ஒரு கோடு

ஆட்டுத் தோலில் உண்ணி கடித்த இடம் எப்படி இருக்கும் என்று முப்பது வயதுவரை எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் வேலூரில் பிறந்து வளர்ந்தவள். ஆம்பூரை நெருங்கும்போது பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு. பதப்படுத்தி, சாயம் ஏற்றி, மெருகு போட்ட ஒரு தோலைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்ததெல்லாம் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த பிறகுதான்.

தோலைப் படமெடுத்து, அதில் இருக்கும் குறைகளைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும்படி செய்வது என் ஆய்வு. உண்ணிக்கடி, முள் கீறல், அம்மைத் தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் என்று ஒவ்வொன்றுக்கும் நிறையப் படங்கள் வேண்டும். இது நல்ல தோல், இது குறையுள்ள தோல் என்று சொல்லிச் சொல்லிக் காட்டினால், எதை வைத்துப் பிரிப்பது என்பதை நிரல் தானாகப் பிடித்துக்கொள்ளும். என் மகள் எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துப் பார்த்துத்தான் பூனை என்று சொல்லக் கற்றாள். அதன் பிறகு ஒரு வாரம் தெருநாயையும் பூனை என்றாள். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அப்போதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆய்வில் சேர்ந்த இரண்டாம் வருடம் மகள் பிறந்தாள். பிரசவ விடுப்பு, அது முடிந்ததும் அவளுக்கு நெஞ்சுச் சளி, அது முடிந்ததும் எனக்குப் பயம் என்று ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. கல்லூரியில் ஒரு முறை கால நீட்டிப்பு கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டுரையாவது வெளியானால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்பது விதி. அந்த ஒரு கட்டுரை வராவிட்டால் அத்தனை வருடமும் வீண். என் வருடம் மட்டுமில்லை, வீட்டில் இருந்தவர்களுடைய வருடமும்.

கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் விடியும் முன் கிளம்பிவிடுவார். மகளைப் பார்த்துக்கொண்டது என் மாமனார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. ஒரு வாய்க்கு ஒரு ஸ்டாப்பிங்.

"பொய்கை வந்துருச்சு, வாயத் தொற. பள்ளிகொண்டா, பள்ளிகொண்டா, சீக்கிரம்மா, வண்டி நிக்காது. மாதனூரு. அவ்ளோதான், ஆம்பூர் வந்தா எறங்கிடலாம்."

ஆம்பூர் வந்ததும் கிண்ணம் காலியாகியிருக்கும். நான் ஊட்டினால் பொய்கையைத் தாண்டமாட்டாள்.

வீட்டை விட்டுக் கிளம்பிய நிமிடத்திலிருந்து எனக்குச் சந்தேகம் ஆரம்பித்துவிடும். கேஸ் மூடினேனா, காய்ச்சல் மருந்தை எட்டாத இடத்தில் வைத்தேனா, பின்கதவு தாழ்ப்பாள். பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்ததும் உண்டு. ஓயாமல் போன் செய்கிறேன் என்று மாமனார் ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு மிஸ்டு கால் வந்தால் சாப்பிட்டுவிட்டாள். இரண்டு வந்தால் தூங்கிவிட்டாள். "விசில் மாதிரி வெச்சுக்கம்மா" என்றார். மூன்று வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். "மூணு விசிலு எந்த ஊர்லம்மா அடிக்கறாங்க? நீ போ" என்று அனுப்பிவைத்தார்.

படம் எடுக்க இடம் கொடுத்தது ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரி. அதன் மேனேஜரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "படம் எவ்ளோ வேணா எடும்மா. லைன் மட்டும் நிக்கக் கூடாது. சார்ட்டிங் முடிச்சு அடுக்கி வெச்ச தோல எடுத்துக்கோ. அத யாரும் அவசரப்பட்டுக் கேக்கமாட்டாங்க."

சார்ட்டிங் என்பது முடிந்த தோலைத் தரம் பிரிப்பது. எனக்கு அந்த நிபந்தனை வசதியாகவே இருந்தது. தரம் பிரித்து முடிந்த தோல் என்றால் அது எந்தத் தரம் என்ற பதிலும் கூடவே கிடைக்கிறது. படம் ஒன்று, பதில் ஒன்று. இரண்டு வேலை ஒன்றாக முடிகிறது என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அட்டைப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு தகரப்பெட்டி. மேலே கேமரா, பக்கவாட்டில் சாய்வாக விளக்குகள். வெளிச்சம் சாய்ந்து விழுந்தால் மிக மெல்லிய கீறலும் நிழல் காட்டும், அதற்காக அந்த அமைப்பு. அதைச் சார்ட்டிங் மேசைக்கு எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேசையில் தரம் பிரிப்பவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். பிளஸ் டூ முடித்ததும் வேலைக்கு வந்தவள். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி ஆம்பூர் வந்தாள். முதல் நாள் நான் "நீங்க, வாங்க" என்றதும், "இன்னா மேடம், என்ன யாரோ ஆபீசர் மாதிரி கூப்புடறீங்க? சும்மா நீன்னே சொல்லுங்க" என்றாள். மறுவாரம் நான் மேடத்திலிருந்து அக்கா ஆகிவிட்டேன்.

ஒரு தோலை எடுப்பாள், மேசையில் வீசுவதுபோல விரிப்பாள், ஒரு பார்வை, வலது அடுக்கு அல்லது இடது அடுக்கு. பல தோல்களுக்கு அந்த ஒரு பார்வையே போதும். சிலதைக் கையில் எடுத்து மணிக்கட்டின்மேல் போட்டு மடித்து, மடிப்பை விரலால் நீவிப் பார்ப்பாள். பிறகு எந்த அடுக்கில் வைக்கலாம் என்று முடிவு செய்வாள். தோல்களுக்குப் பின்பக்கம் எண் அச்சாகியிருக்கும். அவள் எண்ணையும் தரத்தையும் சொல்ல, நான் எழுதிக்கொண்டு, தோலைப் பெட்டிக்குள் விரித்துப் படம் எடுப்பேன்.

பக்கத்து மேசைப் பெண்களுக்கு நான் பொழுதுபோக்கு.

"யக்கா, உங்க பொட்டி எப்போ வேல கத்துக்கும்? அது கத்துக்கிச்சுன்னா நாங்க வூட்டுக்குப் போய்த் தூங்கலாம்."

"அது கத்துக்கிச்சுன்னா உன்ன பாய் ஒரேடியா தூங்க அனுப்பிருவாரு."

இந்தக் கருவி தரம் பிரிப்பவர்களுக்குத் துணையாக இருக்கத்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். என் ஆய்வுத் திட்டத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அது உண்மைதானா என்று சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். தரம் பிரிப்பவள் குறுக்கிட்டாள்.

"உடுங்கக்கா. இந்தத் தோல பார்த்து எனக்கு நாலு வருஷத்துல கண்ணாடி வந்துருச்சு. பொட்டிக்கும் ஒரு கண்ணாடி வாங்கிக் குடுங்க, கத்துக்கட்டும்."

ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று நாள் போனேன். படங்கள் சேர்ந்தன. நிரலுக்குக் கற்பித்தேன். முடிவு வந்தபோது நான் எதிர்பார்த்ததைவிடவும், என் வழிகாட்டியான பேராசிரியர் எதிர்பார்த்ததைவிடவும் நன்றாக இருந்தது. அதுவரை பார்க்காத தோல்களைக் கொடுத்தாலும் அவள் பிரித்த மாதிரியே பிரித்தது. சார் அதிகம் பேசாதவர். அன்று துறை அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ சொன்னார். கட்டுரையை ஒரு நல்ல மாநாட்டுக்கு அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். இறுதி வடிவத்தை அனுப்ப மூன்று வாரம் கொடுத்தார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்க நான்கு மாதம் இருந்தது. கணக்கு எல்லாம் சரியாக வந்தது. வீட்டில் கேசரி செய்தேன். மாமனார் கேசரிக்கு ஸ்டாப்பிங் சொல்லாமலே மகள் சாப்பிட்டாள்.

இறுதி வடிவத்தில் ஒரு படம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். நிரல் தோலின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுத்தது என்பதைச் சிவப்பாகக் காட்டும் படம். அது எல்லோரும் போடும் படம்தான். நல்லதாக நாலு எடுத்துப் போட்டால் போதும். நான் ஒரு மதியம், மகளைத் தூங்கவைத்துவிட்டு, அழகாகத் தெரியும் நாலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது படத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. தோலின் நடுவில், குறுக்காக, ஏறக்குறைய நேராக. அந்த இடத்தில் மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்ணிக்கடி தோலின் ஓரத்தில் இருந்தது. கோடு இருந்த இடத்தில் எதுவும் இல்லை. நரம்பு ஏதாவது ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனேன். அடுத்ததிலும் ஒரு கோடு.

அங்கே நிறுத்தியிருக்கலாம். கோடு இல்லாத படங்களும் நிறைய இருந்தன, அதில் நாலு எடுத்தால் முடிந்தது. ஆனால் ஆட்டின் உடம்பில் நேர்கோடு எங்கிருந்து வரும் என்ற கேள்வி, மூடாத கேஸ் மாதிரி மண்டைக்குள் கிடந்தது. உட்கார்ந்து வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தேன். குறை என்று நிரல் சொன்ன தோல்களில் பெரும்பாலானவற்றில் கோடு இருந்தது. நிரல் தப்பாகச் சொன்ன தோல்களைத் தனியே எடுத்தேன். அவள் நல்லது என்று வைத்து, நிரல் குறை என்று சொன்னவை. கொஞ்சம்தான். அவை அத்தனையிலும் கோடு இருந்தது.

மகள் எழுந்து அழுதது இரண்டாவது தடவைதான் காதில் விழுந்தது.

மறுநாள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன். சாப்பாட்டு இடைவேளை. அவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நான் எதுவும் விளக்கவில்லை. இந்தக் கோடு என்னவென்று தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன்.

"இதுவாக்கா? இது நான் மடிச்ச எடம்."

"மடிச்ச இடமா?"

"ஆமா. கைமேல போட்டு மடிப்பேன்ல. சந்தேகம் வந்தா மடிப்பேன். மடிச்சா உண்ணிக்கடி வாயத் தொறந்துக்கும், தோலு தொளதொளன்னு இருந்தா சுருக்கம் வுழும். பாத்தவொடனே தெரிஞ்சிட்டா எதுக்கு மடிக்கப் போறேன்?" சோற்றுக் கையை மேலே தூக்கிக்கொண்டு மற்றக் கையால் திரையைத் தொட்டாள். "ஆனா அந்த மடிப்பு ரெண்டு நிமிஷத்துல போய்டுமே. கண்ணுக்கே தெரியாதே."

கண்ணுக்குத் தெரியாது. என் பெட்டியின் சாய்ந்த வெளிச்சத்துக்குத் தெரியும். மெல்லிய கீறலும் தெரிய வேண்டும் என்று நானே ஒவ்வொரு விளக்காக இறக்கி இறக்கிப் பொருத்தினேன்.

ஆறு மாதம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் மடிப்பதை ஒரு நாளைக்கு நூறு முறை பார்த்தேன். பார்த்தேனா? போனைப் பார்த்துக்கொண்டிருந்தேனா, ஒரு மிஸ்டு கால் வந்துவிட்டதா என்று?

அவள் கை கழுவிக்கொண்டு வந்தாள். "இருங்க, ஒண்ணு பண்ணலாம்" என்றாள். முதல் தர அடுக்கிலிருந்து மடிப்பே படாத ஒரு தோலை எடுத்துப் பெட்டிக்குள் விரித்தாள். நிரல் நல்லது என்றது. அதே தோலை எடுத்து மணிக்கட்டில் போட்டு ஒரு முறை மடித்து நீவி, மறுபடி விரித்தாள். நிரல் குறை என்றது.

பக்கத்து மேசையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"அய்ய, இத்தனி அழகான தோல போய் ரிஜெக்ட்டுங்குது பாரு."

"ஒரு மடிப்புக்கா? அப்போ எங்க வூட்டுக்காரு லுங்கிய காமி, மொத்தத்தயும் தூக்கிக் கடாசிடும்."

அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அது தோலயே பாக்கலக்கா. எனக்கு எப்போ டவுட்டு வந்துச்சுன்னு பாத்துக்கினு இருந்துருக்குது" என்றாள்.

என் ஆய்வைப் பற்றி அதைவிடச் சரியாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. தரம் பிரிப்பவர் கை படாத தோலை அந்த நிரலுக்குக் கொடுத்தால் அது குருடு. ஆனால் அது எதற்காக உருவானதோ அந்த இடத்தில் தோல்கள் கை படாமல்தான் வரும்.

அன்று திரும்பும் பஸ்ஸில் நினைத்ததை மறைக்காமல் எழுத வேண்டும். கட்டுரையைப் படித்தவர்கள் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. இனிமேலும் கண்டுபிடிக்கமாட்டார்கள். படங்கள் என்னிடம் மட்டுமே இருக்கின்றன. கோடு இல்லாத நாலு படத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, பட்டம் வாங்கிய பிறகு நிதானமாகச் சரிசெய்யலாம். பள்ளிகொண்டா வரும்வரை இந்த யோசனை எனக்கு நியாயமாகவே பட்டது. டோல்கேட்டில் பஸ் நின்றபோது கணவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "யாருக்காவது தெரியுமா?"

"சார்ட்டிங் செக்ஷனுக்கே தெரியும்" என்றேன்.

"கட்டுரை போடறவங்களுக்கு?"

"தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சிருச்சே. உன்னால சும்மா இருக்க முடியாது. கேஸ் மூடினியான்னு பாக்க பாதி வழில எறங்கினவ நீ. இத வெச்சுக்கினு நீ எப்படித் தூங்குவ? சார்கிட்ட போய்ச் சொல்லிடு" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். முதல் நாள் சார் அறை வாசல்வரை போய், மகளுக்கு ஊசி போட வேண்டும் என்று ஞாபகம் வந்ததுபோலத் திரும்பிவிட்டேன். இரண்டாம் நாள் உள்ளே போய், மடித்த தோலையும் மடிக்காத தோலையும் மேசையில் வைத்து, இரண்டு படத்தையும் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ரொம்ப நேரம் தோலையே தடவிக்கொண்டிருந்தார். இனி இவரிடம் என் பெயர் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நானா இருந்தா அந்த மூணாவது படத்தத் தாண்டிப் போயிருப்பேம்மா" என்றார். பிறகு, "கட்டுரைய வாபஸ் வாங்கிடலாம். மெயில் நான் எழுதறேன். நீங்க எழுதினா நாலு தடவ மன்னிப்பு கேப்பீங்க. ஒரு தடவ போதும்."

அவர் எழுதிய கடிதத்தில் தப்பு எங்கள் இருவருடையது என்று இருந்தது. படம் எடுக்கும் முறையை நான்தான் முடிவு செய்தேன், அவர் டேனரிக்கு இரண்டு முறைதான் வந்திருக்கிறார். அதைச் சொன்னேன். "ரெண்டு தடவதான் வந்தேன்கறதுதான் என் தப்பு" என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். இதை எழுதும்போதும் அந்த நிமிடத்துக்காக அவருக்கு மனதுக்குள் கைகூப்பிக்கொள்கிறேன்.

இனி எல்லாவற்றையும் புதிதாகப் படமெடுக்க வேண்டும், தரம் பிரிப்பதற்கு முன்னால். இரண்டாவது கால நீட்டிப்பு கிடைத்தால்தான் அது நடக்கும். படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு இரண்டு வரி இடம் இருந்தது. குழந்தை என்று எழுதினால் கொடுத்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் அன்பாகச் சொன்னார். என் தவறு, என் மகளுடையது இல்லை. தரவு சேகரித்த முறையில் பிழை, மறுபடி சேகரிக்க வேண்டும் என்று எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் கிடைத்தது.

வீட்டில் மாமனாரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. முடிந்துவிடும் முடிந்துவிடும் என்று சொல்லி அவரை இத்தனை நாள் கட்டிப்போட்டிருந்தேன். கடைசியில் சொன்னபோது, என் மகளின் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இன்னும் ஆறு மாசம் ஆம்பூர் வண்டியா?"

"ஆமாங்க மாமா."

"காலைல ஏழே காலுக்கு ஒண்ணு கெளம்பும், அதுல ஏறு. உக்கார எடம் கெடைக்கும். அதுக்கப்புறம் வர்றதுல ஸ்கூல் பசங்க ஜாஸ்தி." அவ்வளவுதான் அவர் அதைப் பற்றிச் சொன்னது.

பாயிடம் போனால், அவர் பழைய வாக்கியத்தையே சொன்னார். லைன் நிற்கக் கூடாது. தரம் பிரிப்பதற்கு முன்னால் பெட்டியை வைத்தால் கட்டாயம் நிற்கும். பக்கத்தில் நின்று கேட்ட சார்ட்டிங் பெண்தான் வழியைச் சொன்னாள். தோலை அழுத்தித் தேய்க்கும் மெஷினிலிருந்து வெளியே வரும்போது அது சூடாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருக்கும். ஆறுவதற்காக எப்படியும் கொஞ்ச நேரம் பலகையில் விரித்து வைப்பார்கள். "அந்தப் பலகைய தூக்கிட்டு அக்கா பொட்டிய வெச்சா போச்சு பாய். பலகைல ஆறறது பொட்டில ஆறட்டும்." பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். "நீ பேசாம காலேஜுக்குப் போயிருக்கலாம்" என்றார். "உங்க தோல யாரு பாய் பிரிப்பாங்க?" என்றாள்.

அன்றிலிருந்து தோல் முதலில் என் பெட்டிக்கு வந்தது, பிறகுதான் அவள் மேசைக்குப் போனது. அவள் தானாகவே இன்னொன்றும் செய்தாள். மடித்துப் பார்த்த தோல்களின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். எதற்கு என்று கேட்டேன். "தெரியல. வெச்சுக்கங்க, உதவும்" என்றாள்.

ஐந்தாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. இரவும் பகலும் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்ததில் டேனரிக்குச் சொல்லக்கூட மறந்துவிட்டேன். நான்கு நாள் போகவில்லை. ஏற்கெனவே நாள் போதவில்லை, இதில் நான்கு நாள் போய்விட்டது என்று ஒரு மனம் கணக்குப் போட, குழந்தை இப்படிக் கிடக்கும்போது கணக்குப் போடுகிறாயே என்று இன்னொரு மனம் திட்டியது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும், அவள் பள்ளிகொண்டாவரை சாப்பிட்டதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

பெட்டியைத் திறந்தால் கேமராவில் நான்கு நாள் படங்களும் இருந்தன. பக்கத்து மேசைப் பெண்கள் இருவர் முறை வைத்துக்கொண்டு எடுத்திருந்தார்கள். அவள் எண்ணும் தரமும் எழுதி, டிக் போட்டு, தாள்களைக் கிளிப் மாட்டி வைத்திருந்தாள்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்றேன்.

"ஆறு மாசம் உங்களையே பாத்துக்கினு உக்காந்துருந்தோம்ல. பொத்தான அமுக்கறதுக்கு டாக்டர் பட்டமா வேணும்?"

"உங்க பொண்ணுக்கு எப்டிக்கா இருக்குது?" என்று இன்னொருத்தி கேட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன்.

அன்று முழுவதும் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நன்றி ஒரு பக்கம் இருந்தாலும் சந்தேகம் என் பிறவிக்குணம். சில தோல்கள் தலைகீழாக இருந்தன, அதனால் பாதகமில்லை. ஒன்றில் தோலுக்குப் பதில் நாலைந்து கைகள், வளையலோடு, வரிசையாக விரித்து வைத்திருந்தன. அது எந்தத் தரம் என்று தாளில் எழுதவில்லை. அந்த ஒரு படத்தை நான் அழிக்கவில்லை.

புதிய முடிவு பழையதைவிடக் குறைவாக வந்தது. நிரல் முள் கீறலைப் பாதிக்குப் பாதி தவறவிட்டது. தொளதொளத்த தோலை அதற்குச் சுத்தமாகத் தெரியவில்லை, அது மடித்தால்தான் தெரியும் குறை. ஆனால் சிவப்பு விழுந்த இடத்தில் உண்ணிக்கடி இருந்தது. நூறு படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், பிறகு இன்னொரு நூறு. நேர்கோடு ஒன்றுகூட இல்லை. சின்ன மாநாடு ஒன்றில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். நீட்டிப்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

சார் சொல்லி, பழைய தவறை ஒரு தனி அத்தியாயமாக எழுதியிருந்தேன். அவள் போட்ட டிக்குகள் அங்கேதான் உதவின. மடித்த தோல் எது, மடிக்காதது எது என்று அவள் குறித்து வைத்திராவிட்டால், பழைய நிரல் பார்த்தது மடிப்பைத்தான் என்று என்னால் ஊகம் சொல்ல முடிந்திருக்கும், நிரூபித்திருக்க முடியாது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற அத்தியாயங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் அதிலேயே கேள்வி கேட்டார். தன் மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு பிரதி வேண்டும் என்றார். எனக்குப் பட்டம் என்று அறிவித்தபோது கடைசி வரிசையில் மாமனார் மடியில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஆம்பூரில் தரம் பிரிப்பவளுக்குப் போன் செய்தேன். டீ நேரமாகத்தான் இருக்கும்.

"முடிஞ்சிருச்சு. குடுத்துட்டாங்க."

"அப்டியா! ஏய், அக்காவுக்குக் குடுத்துட்டாங்களாம்!" பின்னால் ஒரே கூச்சல். "இன்னா கேட்டாங்க?"

"நீ தோலை மடிச்சதப் பத்தி ஒரு பாடமே எழுதியிருக்கேன்ல, அதுலதான் எல்லாக் கேள்வியும்."

"நான் மடிச்சதப் பத்தியா? ஒரு பாடமா? தப்பா ஒண்ணும் எழுதலியே?"

"இல்ல. மடிச்சது சரி. பார்க்காம இருந்தது நான்னுதான் எழுதியிருக்கேன்."

"அதெல்லாம் எதுக்கு எழுதறீங்க, போங்கக்கா. எத்தினி பக்கம்?"

"முப்பத்தொரு பக்கம்."

"யம்மா! மடிக்கறது ஒரு செகண்டு. சரி, ஞாயித்துக்கெழம பாப்பாவ இட்டுக்கினு வூட்டுக்கு வாங்க, பிரியாணி செய்யறேன். மணி அடிச்சிட்டாங்க, வெக்கிறேன்."